மூன்று கிழமையில் நேர்முகம்: வாய்விட்டு யோசிக்கப் பழகுதல்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு, வீடு புதுக்குடியிருப்பில். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியின் ஒன்லைன் சோதனையில் தேறி, இப்போது நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முழு நாள், நான்கு சுற்று, கையில் மூன்று கிழமை. எத்தனை புரோகிராமிங் கணக்குச் செய்தால் போதும், எந்தத் தலைப்புகளைப் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: "தனிய இருந்தால் செய்துவிடுவேன், ஒராள் பார்த்துக்கொண்டிருந்தால் கை ஓடாது." நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போடத் தெரியும் என்பதை ஒன்லைன் சோதனையிலேயே காட்டிவிட்டீர்கள். இனி அவர்கள் பார்க்கப்போவது வேறு.

நான் ஒட்டுசுட்டான்காரன். பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதில் கடைசி ஏழு வருடம் மேசையின் மறுபக்கத்திலும் இருந்து புதிய பட்டதாரிகளை நேர்முகம் செய்கிறேன். என் வேலை சேர்வர் பக்கம், டேட்டாபேஸ் பக்கம். கேம் செய்யும் கம்பனியோ மெஷின் லேர்னிங் வேலையோ என்றால் என் சொல்லை அப்படியே எடுக்க வேண்டாம். கொழும்பில் சாதாரண மென்பொருள் பொறியியலாளர் வேலைக்குப் போகும் ஒருவருக்கு என்ன சொல்வேனோ அதைச் சொல்கிறேன்.

என் முதல் நேர்முகத்தில் ஒரு பைனரி ட்ரீ (தரவை இரண்டிரண்டு கிளையாக அடுக்கும் வடிவம்) கேள்வி தந்தார்கள். விடை எனக்குத் தெரியும். வைட்போர்டைப் பார்த்தபடி இருபது நிமிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்று, முழு விடையையும் மனதுக்குள் கட்டி முடித்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதினேன். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதினேன். எடுக்கவில்லை. விடை சரி, பிறகு ஏன் என்று கனநாள் அது மனதுக்குள் கிடந்து குடைந்தது. நானே நேர்முகம் செய்யத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. எதிரில் இருப்பவர் கையில் ஒரு படிவம் இருக்கும். கேள்வியை எப்படி விளங்கிக்கொண்டார், என்னென்ன வழிகளை யோசித்தார், ஏன் இதைத் தெரிந்தெடுத்தார், பிழையை எப்படிக் கண்டுபிடித்தார் என்று அதில் எழுத வேண்டும். பேசாமல் நிற்பவரைப் பற்றி அங்கே எழுத ஒன்றும் இருக்காது. எழுதாத இடத்துக்குப் புள்ளி போட முடியாது.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்திருப்பீர்கள். இறுதி விடை பிழைத்தாலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு, விடையை மட்டும் எழுதினால் புள்ளி போய்விடும் என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். நேர்முகத்திலும் அதே கணக்குத்தான். இங்கே படிமுறை என்பது உங்கள் பேச்சு. அதுவே எங்களுக்குக் கஷ்டமாகவும் இருக்கிறது, ஏனென்றால் விடை நிச்சயமாகத் தெரியும் வரைக்கும் வாய் திறக்கக்கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். பெரியவர் முன்னால் அரைகுறையாகச் சொல்வது மரியாதை இல்லை என்று பழகிவிட்டோம். நேர்முக அறையில் அந்த அரைகுறையைத்தான் கேட்க வந்திருக்கிறார்கள்.

ஒரு உதாரணத்தை முழுதாகச் செய்து காட்டுகிறேன். அரிசி ஆலை ஒன்றில் நெல் மூட்டைகளின் நிறைகள் ஒரு பட்டியலாக இருக்கின்றன. கூட்டினால் சரியாக 100 கிலோ வரும் இரண்டு மூட்டைகளைக் கண்டுபிடி. கேள்வியைக் கேட்ட உடனே கோட் எழுதத் தொடங்க வேண்டாம். முதலில் திருப்பிக் கேளுங்கள். ஒரு சோடி கிடைத்தால் போதுமா, எல்லாச் சோடிகளும் வேண்டுமா? ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன திருப்பித் தர வேண்டும்? பட்டியல் ஏற்கெனவே வரிசைப்படுத்தப்பட்டதா? நிறைகள் முழு எண்ணா, 49.5 போலத் தசமமும் வருமா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் தசம எண்களைக் கூட்டி "சமமா" என்று கேட்டால் கொம்பியூட்டர் சில நேரம் இல்லை என்று சொல்லும். அதனால் நிறையைக் கிராமில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் பிள்ளையை நான் உடனே கவனிப்பேன்.

பிறகு மிக எளிய வழியைச் சொல்லுங்கள். ஒவ்வொரு மூட்டையையும் மற்ற எல்லா மூட்டையுடனும் சேர்த்துப் பார்ப்பது. இது மெதுவான வழி என்று வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சொல்லிவிட்டு, அதன் விலையையும் சொல்லுங்கள்: ஒரு இலட்சம் மூட்டை இருந்தால் ஏறத்தாழ 500 கோடி சோடிகள். பிறகு, 38 கிலோ மூட்டையைப் பார்க்கும்போது எனக்குத் தேவை 62 தானே, 62ஐ இதற்கு முன் பார்த்தேனா என்று உடனே தெரிந்தால் போதுமே என்று யோசனையை நகர்த்துங்கள். அங்கேதான் ஹேஷ் மேப் வருகிறது, போட்டு வைத்த ஒன்று இருக்கிறதா என்று தேடி அலையாமல் உடனே சொல்லும் அட்டவணை அது. ஒரு இலட்சம் மூட்டைக்கு ஒரு இலட்சம் தரம் பார்த்தால் வேலை முடிந்தது, ஆனால் பார்த்ததையெல்லாம் வைத்திருக்க மெமரி வேண்டும். மெமரி குறைவு என்றால் என்ன செய்வீர்கள் என்று அவர்கள் கேட்கலாம். பட்டியலை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்தி, ஒரு விரலைச் சின்ன முனையிலும் மற்றதைப் பெரிய முனையிலும் வைத்து, கூட்டுத்தொகை குறைந்தால் சின்னப் பக்க விரலையும் கூடினால் பெரிய பக்க விரலையும் உள்ளே நகர்த்தி வரலாம். வரிசைப்படுத்த ஏறத்தாழ 17 இலட்சம் படிகள் போகும், பெரிதாக மேலதிக இடம் வேண்டியதில்லை. எந்த வழி நல்லது என்பது கேட்பவரின் தேவையைப் பொறுத்தது, அதையும் வாயால் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் "முடிந்தது" என்று பேனையை வைக்க வேண்டாம். ஒரு சின்ன உதாரணத்தைக் கையால் ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் ஒரே ஒரு 50 கிலோ மூட்டை இருக்கிறது என்று வையுங்கள். மூட்டையை முதலில் மேப்பில் போட்டுவிட்டுப் பிறகு 50 இருக்கிறதா என்று தேடினால், அந்த மூட்டை தனக்குத்தானே சோடியாகிவிடும். முதலில் தேடி, பிறகு போட வேண்டும். இந்தப் பிழையை நேர்முகத்தில் கனபேர் விடுகிறார்கள். விடுவது எனக்குப் பிரச்சினை இல்லை. நான் சுட்டிக்காட்ட முன்னர் தாங்களே ஓட்டிப் பார்த்துப் பிடித்தார்களா என்பதைத்தான் பார்ப்பேன். பிடித்துத் திருத்தியவர், பிழையே விடாமல் பேசாமல் எழுதியவரைவிட என் படிவத்தில் மேலே இருப்பார்.

பைனரி சேர்ச்சை மனப்பாடமாக எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அகரவரிசைப்படுத்திய பத்து இலட்சம் பெயரில், ஒவ்வொரு தடவையும் நடுவைப் பார்த்துப் பாதியை ஒதுக்கிக்கொண்டு போனால், ஒரு பெயரை 20 படியில் கண்டுபிடித்துவிடலாம், அவ்வளவு அழகான வழி அது. ஆனால் ஜாவா மொழியோடு ஆயத்தமாக வரும் கோட் தொகுப்பில் இருந்த பைனரி சேர்ச்சிலேயே ஏறத்தாழ 9 வருடம் ஒரு பிழை கிடந்தது என்று, அதை எழுதிய ஜோசுவா புளொக் 2006இல் தானே வெளியில் சொன்னார். நடுவைக் காணக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் பிரிக்கும் வரியில்தான் பிழை. பட்டியல் மிகப் பெரிதாக இருந்தால் அந்தக் கூட்டுத்தொகை, ஜாவாவின் சாதாரண முழு எண் தாங்கும் எல்லையான 2,147,483,647ஐத் தாண்டி மறை எண்ணாகிவிடும். இரண்டு எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கீழ் எல்லையோடு கூட்டினால் சரி. அவ்வளவு அனுபவமுள்ளவரின் கையிலும் பிழை வருகிறது. உங்கள் கையில் வந்தால் அதற்காக உடைந்து போகாதீர்கள்.

இனி, பழகுவது எப்படி. உங்கள் ஊரில் முன்பள்ளி ஒன்று இருக்கும், பிள்ளைகள் மத்தியானத்தோடு போய்விடுவார்கள். அந்த ஆசிரியையிடம் கேட்டு மாலையில் ஒன்றரை மணித்தியாலம் கரும்பலகையை வாங்குங்கள். லப்டொப்பில் எழுதுவதும் பலகையில் எழுதுவதும் ஒன்றல்ல. பலகையில் வரி கீழே சரியும், நடுவில் ஒரு வரியைச் செருக இடம் இருக்காது, எழுதும்போது கேட்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். இடது மேல் மூலையில் தொடங்கி, வரிகளுக்கிடையில் இடம் விட்டு எழுதிப் பழகினாலே பாதிப் பதற்றம் போய்விடும். போனை ஜன்னலில் வைத்து உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். இரவில் கேட்டுப் பாருங்கள், எங்கே ஒரு நிமிடத்துக்கு மேல் சத்தமில்லாமல் போகிறது என்று. முதல் இரண்டு நாள் கேட்கவே சங்கடமாக இருக்கும். மூன்றாவது நாளிலிருந்து பழகிவிடும். பார்க்க ஒராள் வேண்டும் என்பதுதான் உங்கள் பிரச்சினை, ஆகவே தம்பியையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூப்பிட்டு முன்னால் இருத்துங்கள். அவர்களுக்குப் புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. கண் ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

எத்தனை கணக்கு என்று கேட்டீர்கள். இதில் என்னிடம் உறுதியான எண் இல்லை. 300 செய்து வந்தவர் தடுமாறியதையும் 40 செய்து வந்தவர் தெளிவாகக் கதைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு, அதையும் வாய்விட்டு, பலகையில், ஒவ்வொன்றும் 40 நிமிடத்துக்குள் என்று செய்தால் மூன்று கிழமைக்கு அது நிறைவானது. லீட்கோட் என்ற பயிற்சி இணையத்தளத்தில் இலவசமாக இருப்பவையே போதும், சிக்னல் வரும் நேரத்தில் கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கரண்ட் போனாலும் பயிற்சி நிற்காது. அரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப், ஸ்டக், கியூ, லிங்க்ட் லிஸ்ட், ட்ரீ, கிராபில் சுற்றிவருவது, பைனரி சேர்ச், ரிகர்ஷன் ஆகியவற்றை நிச்சயமாகப் பாருங்கள். டைனமிக் புரோகிராமிங் (பெரிய கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைத்து, கண்ட விடைகளைச் சேமித்துத் திரும்பப் பாவிக்கும் முறை) வருமா வராதா என்று என்னால் சொல்ல முடியாது, வந்தால் எளியதாகத்தான் வரும் என்பது என் ஊகம். மூன்று கிழமையில் அதற்குள் ஆழமாக இறங்க வேண்டாம். மொழியைப் பொறுத்தவரை, உங்களுக்கு வடிவாக வரும் மொழி எதுவோ அதிலேயே எழுதுங்கள். நேர்முகத்துக்காகப் புதுமொழி படிக்கப் போகாதீர்கள்.

கனபேர் கோட்டிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டுத் தங்கள் சொந்த புரொஜெக்ட்டைக் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள். சுயவிபரக் கோவையில் எழுதிய ஒவ்வொரு வரியையும் கேட்பார்கள், இது உறுதி. டேட்டாபேஸுக்கு ஏன் மைஎஸ்கியூஎல் பாவித்தீர்கள், ஏன் மொங்கோடிபி இல்லை, இண்டெக்ஸ் எங்கே போட்டீர்கள், இரண்டு டேபிளை ஜொயின் செய்து காட்டுங்கள், ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் எது முதலில் விழும். இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று எங்களுக்கே குறுக்கே நிற்கிறது. நாங்கள் "நான்" என்று சொல்லக் கூச்சப்படுவோம். "நாங்கள் செய்தோம், நாங்கள் யோசித்தோம்" என்றே கதைப்போம். பண்புக்கு அது நல்லது. ஆனால் நால்வர் சேர்ந்து செய்த புரொஜெக்ட்டில் நீங்கள் செய்தது எது என்று கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும். "லொகின் பகுதியை நான் எழுதினேன், ரிப்போர்ட் பகுதியை நண்பர் எழுதினார், அதில் எனக்கு ஆழமாகத் தெரியாது" என்று சொல்வது பெருமை அடிப்பது அல்ல, அது நேர்மை.

நான்கு சுற்றில் ஒன்று வடிவமைப்புப் பற்றியதாக இருக்கலாம். புதியவர்களிடம் பெரிய சிஸ்டத்தைக் கேட்க மாட்டார்கள், தெரிந்த ஒன்றைத்தான் கேட்பார்கள். நீங்கள் பயணிக்கப்போகும் பஸ்ஸையே வைத்துப் பழகலாம். கொழும்பு–முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஒன்லைனில் சீட் பதியும் சிஸ்டம். பஸ், பயணம், சீட், பதிவு என்று டேபிள்களை வரையுங்கள். ஒரே சீட்டை ஒரே விநாடியில் இரண்டு பேர் அழுத்தினால்? "இருக்கிறதா" என்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதினால், இரண்டு பேருக்கும் இருக்கிறது என்றே தெரியும். ஒரே பயணத்தில் ஒரே சீட் இரண்டு தடவை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை டேபிளிலேயே போட்டால், இரண்டாவது பதிவை டேட்டாபேஸே மறுத்துவிடும். காசு கட்டும் வரைக்கும் சீட்டைப் பத்து நிமிடம் பிடித்து வைத்து, கட்டாவிட்டால் விட்டுவிட வேண்டும். இவ்வளவும் பலருக்கும் வரும். அடுத்த கேள்வி ஊரை அறிந்தவருக்குத்தான் வரும்: வவுனியாவில் ஒருவர் இறங்கினால் அந்தச் சீட்டை அங்கிருந்து முல்லைத்தீவு வரைக்கும் வேறொருவருக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றால் முன்பு போட்ட கட்டுப்பாடு உடைந்துவிட்டது. பயணத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு வரியாகச் சீட்டைப் பதிய வேண்டும். இப்படி ஒரு தேவை மாறும்போது வடிவம் எப்படி மாறுகிறது என்று சொல்லத் தெரிந்தால், அந்தச் சுற்றில் அதற்கு மேல் ஒரு புதியவரிடம் எதிர்பார்க்க மாட்டார்கள்.

ஆங்கிலம். அது உங்கள் கேள்வியில் நேரடியாக இல்லை, ஆனால் வரிகளுக்கிடையில் தெரிந்தது. கொழும்பில் நேர்முகம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். எதிரில் இருப்பவரும் பெரும்பாலும் வீட்டில் சிங்களமோ தமிழோ கதைப்பவர்தான். இலக்கணப் பிழைக்காக நான் ஒருவரையும் நிராகரித்ததில்லை. விளங்காத கேள்விக்கு விளங்கியது போலத் தலையாட்டியதால் நிராகரித்திருக்கிறேன், அது எனக்கே வருத்தமான விஷயம். ஒரு பத்து வசனத்தை மட்டும் நாக்குக்குப் பழக்குங்கள்: ஒரு நிமிடம் யோசிக்க நேரம் கேட்பது, கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்வது, நான் விளங்கிக்கொண்டது இதுதான் சரியா என்று கேட்பது, இதை இப்படி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பது, இது எனக்குத் தெரியாது ஆனால் இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன் என்று சொல்வது. இவை தடுமாறாமல் வந்தால் மற்றவை தட்டுத்தடுமாறி வந்தாலும் பரவாயில்லை.

அவர்களைச் "சேர்", "மிஸ்" என்று கூப்பிடலாமா என்று யோசிப்பீர்கள். இந்தத் துறையில் பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சேர் என்றாலும் ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள். ஆனால் சேர் என்று கூப்பிட்டதற்காக அவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட வேண்டாம். "இதை இன்னும் வேகமாக்க முடியுமா?" என்று அவர் கேட்டால் அது குத்திக்காட்டுவது அல்ல, கை கொடுப்பது. நேரம் முடிவதற்குள் உங்களை விடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் அந்தப் பக்கத்திலும் நினைப்பார்கள். நினைவூட்டலை வாங்கி அதிலிருந்து அடுத்த படியை எடுத்தால் புள்ளி அதிகம் குறையாது, அதைக் காதில் வாங்காமல் பழைய வழியிலேயே போனால் நிச்சயம் குறையும்.

இன்னொரு சுற்றில், "நீங்கள் சந்தித்த கஷ்டமான சூழ்நிலை ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். வன்னியில் பிறந்த பிள்ளைக்கு இது லேசான கேள்வி இல்லை. 2009இல், யுத்தத்தின் கடைசிக் காலத்தில், நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமா என்று என்னிடம் முன்பும் சிலர் கேட்டிருக்கிறார்கள். சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவர்கள் கேட்பது வேலை சம்பந்தமான கஷ்டத்தைத்தான். புரொஜெக்ட்டில் ஒருவர் இடையில் விலகிப்போனது, கையளிக்கும் நாளுக்கு முதல்நாள் டேட்டாபேஸ் அழிந்தது, கருத்து முரண்பட்டது போன்ற ஒன்றை எடுத்து, என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன முடிவு வந்தது என்று இரண்டு நிமிடத்தில் சொன்னால் போதும். உங்கள் காயத்தை எடுத்துக் காட்டித்தான் ஒரு வேலையை வாங்க வேண்டும் என்றில்லை. நீங்களாக விரும்பிச் சொன்னால் அது வேறு, அப்போதும் நீங்கள் செய்த காரியத்தில் முடியுங்கள்.

பயணம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரவு பஸ்ஸில் ஏறி, விடியமுன் புறக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவ இடம் தேடி, நித்திரை இல்லாமல் ஒன்பது மணிக்கு நேர்முகத்துக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மத்தியானத்துக்குப் பிறகு வரும் சுற்றில் அவர்களின் கண் சொருகும். முதல் நாளே போய்விடுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெரிந்த வீடு இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால் கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதி, தூரத்திலிருந்து வருகிறேன், நேரத்தைச் சற்றுத் தள்ளிப் போடலாமா, பயணச் செலவு தருவீர்களா என்று கேளுங்கள். தருவார்களா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், ஆனால் கேட்டதற்காக ஒருவரையும் குறைத்து மதிப்பிட்டதை நான் கண்டதில்லை. அதே மின்னஞ்சலில் எந்தக் கட்டடம், எந்த மாடி, யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மருதானையில் ட்ரேஸ் எக்ஸ்பேர்ட் சிற்றி, தெமட்டகொடையில் ஒறியன் சிற்றி போன்ற வளாகங்களில் பல கம்பனிகள் ஒரே வாசலுக்குள் இருக்கின்றன. அடையாள அட்டையை மறக்க வேண்டாம், வாசலிலேயே கேட்பார்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கிடைக்காமல் போகலாம், இதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரே பிள்ளையை நானும் என் சக ஊழியரும் பார்த்து, இரண்டு பேரும் இரண்டு முடிவு எழுதிய நாட்கள் உண்டு. எங்கள் முறை அவ்வளவு துல்லியமானது அல்ல. அதனால் ஒரு "இல்லை"யை வைத்து உங்களுக்கு இந்தத் தொழில் வராது என்று முடிவு கட்டாதீர்கள். திரும்பி வரும் பஸ்ஸில், நினைவு அழிய முன்னர், கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்னவற்றையும் கொப்பியில் எழுதிவிடுங்கள். அடுத்ததற்கு அதைவிட நல்ல பாடக்குறிப்பு கிடைக்காது.

ஞாயிறு மாலைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். விருப்பம் என்றால் எனக்கு எழுதுங்கள், போகமுன் இரண்டு பயிற்சி நேர்முகம் செய்யலாம். வீடியோ வேண்டாம், உங்கள் பக்கம் சிக்னல் தாங்காது. சாதாரண போன் அழைப்பே போதும். நீங்கள் எழுதுவது எனக்குத் தெரியாது என்பதால், எழுதும் ஒவ்வொரு வரியையும் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். தாளும் பேனையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.